கூட்டாய்வுக்கு வைத்த இரண்டு பந்தி

முன்பெல்லாம் ஒரு தொழில் தொடங்க வேண்டுமென்றால் ஏழு ஆபீஸுக்கு ஏழு தடவை நடக்க வேண்டும். ஒருவர் கேட்பது இன்னொருவருக்குத் தெரியாது. செருப்பு தேயும், அவ்வளவுதான். ஆள் செத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. இப்போது அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்துவிட்டது. முன்னுரிமைத் தொழில்களுக்கு எல்லாத் துறைகளும் கைகோத்து உதவ வேண்டும், ஒரே நாளில் சேர்ந்து வந்து பார்க்க வேண்டும், முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அதற்கென்று ஓர் ஒருங்கிணைப்புக் குழு, குழுவுக்குத் தலைமை தாங்கச் சென்னையிலிருந்து ஒரு தனி அதிகாரி. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். நகரும்தான். சக்கரத்துக்கு முன்னால் யார் கிடக்கிறார்கள் என்பது வடம் பிடிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. முக்கூடல் ஷம்ஸியாவுக்கு இது விளங்க ஒரு மாதம் பிடித்தது.

ஷம்ஸியாவின் புருஷன் தாஜ் முகம்மது பதினாலு வருஷம் தம்மாமில் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் மெஷின் ஓட்டியவர். அந்தச் சம்பாத்தியத்தில் ஒரு வீடு மிஞ்சியது, இடது காது மிஞ்சவில்லை. ஊர் திரும்பியவர் சும்மா உட்காரவில்லை. ஜில்லாவுக்குப் பெரிய சோலார் கம்பெனி ஒன்று வந்திருந்தது. அவர்கள் தகடுகளைப் பெட்டியில் அடுக்கும்போது மூலை நொறுங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் காப்பு மாட்டுவார்கள். கையகலச் சாமான்தான், ஆனால் லட்சக்கணக்கில் வேண்டும். "இத நாம செய்யலாம்ளா" என்றார் தாஜ். பி.காம் படித்த ஷம்ஸியா கம்பெனி வாசலில் மூன்று மாதம் நின்று அந்த ஆர்டரை வாங்கி வந்தாள். வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போயிற்று, சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு ஷெட் எழும்பியது, ராஜ்கோட்டிலிருந்து லாரியில் மெஷின் வந்து இறங்கியது.

இனி வேண்டியது ஒரே ஒரு கடிதம். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் கொடுக்கிற இயக்க இசைவு. அது கைக்கு வரும்வரை மெஷினைத் துடைக்கலாம், எண்ணெய் போடலாம், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம், ஓட்டக் கூடாது. மாதக் கடைசிக்குள் அந்தக் கடிதத்தைக் காட்டாவிட்டால் ஆர்டரை ஓசூர்க்காரனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி எழுத்தில் கொடுத்திருந்தது. ஆர்டர் போனால் வீடும் போகும். இதற்கு மேல் அவள் நிலைமையைச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஏழு துறைகளையும் கூட்டி வருகிற வேலை தொழில் ஆபீஸ் மேலாளர் சிவகணேஷுடையது. நெல்லை டவுண் ஆள், சைவர், திருநீறு கலையாத நெற்றி. தங்கமான மனுஷன் என்று ஷம்ஸியா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவர் செய்ததும் அப்படித்தான். விண்ணப்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். எந்தப் பேப்பரில் எங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். ஒரு டீக்குக்கூடக் கை நீட்டியதில்லை. "தங்கச்சி, நீங்க பயப்படாதிய. இங்கன நான் இருக்கேன்லா" என்பார். அவளும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று உருகினாள். ஐந்து வேளைத் தொழுகையில் ஒரு வேளையாவது அவர் பேருக்குத் துஆ கேட்டாள்.

கூட்டாய்வு ஒரு வியாழக்கிழமை. மூன்று ஜீப்பில் ஒன்பது பேர் வருகிறார்கள் என்று சிவகணேஷ் முதல் நாளே போன் பண்ணிவிட்டார். ஷம்ஸியா தேடி வந்தவர்களைப் பசியோடு அனுப்புகிற ஆளில்லை. ஷெட்டுக்குப் பக்கத்துத் தோப்பில் சாமியானா போட்டாள், மட்டன் பிரியாணி ஆக்கச் சமையல் பண்டாரியை வரவழைத்தாள். ஷெட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை, வேர்வையில் அதிகாரிகள் முகம் சுளிக்கக் கூடாதே என்று ஃபேனுக்கும் லைட்டுக்குமாகக் கல்யாண வீடுகளுக்குப் போகிற ஜெனரேட்டர் வண்டி ஒன்றைப் பிடித்தாள். தாஜ் அதன் வயரை ஷெட்டு மெயினில் கொடுத்து வைத்தார்.

அப்புறம் அவள் செய்ததுதான் மரியாதையில் செய்த தப்பு. சிவகணேஷ் அண்ணாச்சி சைவம். மட்டன் வாசம் அடிக்கிற பந்தியில் அவரை உட்கார வைப்பது முறையா? சேரன்மகாதேவி சைவ ஹோட்டலில் சொல்லி, சொதியும் இஞ்சிப் பச்சடியும் தனியாக வரவழைத்து, ஷெட்டுக்குள்ளேயே தடுப்புப் போட்ட சின்ன ரூமில் அவருக்கு மட்டும் இலை போட்டாள். எட்டுப் பேர் தோப்பில், ஒருத்தர் ஷெட்டில். சொதிச் சாப்பாடு எத்தனை நேரம்? பத்து நிமிஷத்தில் அவர் கை கழுவிவிட்டார். தோப்பில் அப்போதுதான் இரண்டாவது தட்டு பிரியாணி வந்துகொண்டிருந்தது.

சிவகணேஷ் மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஃபைலைப் பிரித்தார்.

"தங்கச்சி, மானியத்துக்கு நான் ஒரு வரி எழுதணும். 'இயந்திரம் இயங்கும் நிலையில் உள்ளது'ன்னு. பாக்காம எப்படி எழுத? ஜெனரேட்டர்தான் ஓடுதே, ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்களேன்."

"அண்ணாச்சி, இசைவு வராம ஓட்டக் கூடாதுன்னு சொன்னிய?"

"அது உற்பத்திக்குல்லா. இது நான் பாக்கதுக்கு. என்ன ஆயிரப்போவுது?"

"சூடேற அரை மணி நேரம் ஆவுமே."

"ஏறட்டும். அவனுவ பிரியாணிய முடிக்க முக்கால் மணி ஆவும்" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பாவி, சிரித்தாளே.

தாஜ் வெளியே ஜெனரேட்டர் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அந்த இரைச்சலில் நல்ல காதிலும் ஒன்றும் விழாது. ஷம்ஸியா வாசலில் நின்று கையைச் சுழற்றி, மெஷினைப் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று மாதமாகத் துடைத்துத் துடைத்து வைத்த மெஷின் அல்லவா. ஓடி வந்து சுவிட்சைத் தட்டினார், சூடேறக் காத்திருந்தார், அச்சு மூடித் திறந்தது, முதல் மூலைக்காப்பு டப்பென்று தட்டில் விழுந்தது. சிவகணேஷ் அதைக் கையிலெடுத்துப் பார்த்து, "பிரமாதம் தங்கச்சி" என்றார். ஃபைலில் தன் ஒரு வரியை எழுதி முடித்துவிட்டு, வெற்றிலை போடுகிறேன் என்று ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

அவர் அந்த வாசலால் போக, இந்த வாசலால் மாசு ஆபீஸ் பொறியாளர் ஹெப்ரான் உள்ளே வந்தார். கை கழுவிய ஈரத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வந்தவர் நின்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த காப்பு டப்பென்று விழுந்தது.

"பிரியாணி ரொம்ப நல்லாருந்துதும்மா" என்றார் ஹெப்ரான். "இது எப்ப இருந்து ஓடுது?"

ஷம்ஸியா மெஷினை நிறுத்தச் சொல்லித் தாஜுக்குக் கை காட்டினாள். "இப்பத்தான் சார், ஒரே ஒரு தடவ…"

"ஒரு தடவையோ ஒம்பது தடவையோ, ஓடுதத என் கண்ணால பாத்துட்டேனே. பாக்கலன்னு எப்படிம்மா எழுத? நான் மட்டும் தனியா வந்திருந்தா வேற. இப்ப எட்டுப் பேரு கூட வந்திருக்காவ. ஒருத்தன் பாத்தத இன்னொருத்தன் மறைக்க முடியாது பாத்துக்கிடுங்க. அதுக்குத்தான கூட்டி வந்திருக்காவ."

கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. வருத்தப்பட்டுக்கொண்டேதான் போட்டோ எடுத்தார். எழுதி முடித்து, நன்றி சொல்லி, ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். நாலாம் நாள் நோட்டீஸ் வந்தது: இசைவின்றி இயந்திரத்தை இயக்கியதற்கு விண்ணப்பத்தை ஏன் நிராகரிக்கக் கூடாது, ஆலையை ஏன் மூடி முத்திரையிடக் கூடாது, ஒருங்கிணைப்புக் குழுவின் முன் நேரில் வந்து விளக்கம் தரவும்.

ஷம்ஸியா சிவகணேஷுக்குப் போன் போட்டாள். முதல் இரண்டு நாள் அவர் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "நான் பாத்துக்கிடுதேன் தங்கச்சி, நீங்க கூட்டத்துக்கு மட்டும் வந்துருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குப் போன உயிர் திரும்பியது. தாஜிடம், "அண்ணாச்சி இருக்காவ, நமக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லி, அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

கூட்டம் நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலின் ஏசி ஹாலில். தாஜைச் சோலார் கம்பெனியில் அவகாசம் கேட்க அனுப்பிவிட்டு அவள் மட்டும் பஸ் ஏறி வந்திருந்தாள். வாசலில் காத்திருந்த சிவகணேஷ் அவளை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒரே ஒரு உதவி. ஓட்டச் சொன்னது நான்னு மட்டும் அங்கன சொல்லிராதிய. எனக்கு இந்த மாசம் புரமோஷன் லிஸ்டு. நீங்களாவே, விதி தெரியாம ஓட்டிட்டேன்னு சொல்லுங்க. தெரியாமச் செஞ்சதுன்னா ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாவ. பொறவு நான் பேசி முடிச்சுத் தாரேன்."

"நிசமாவே விட்டுருவாவளா அண்ணாச்சி?"

"நெல்லையப்பர் மேல சத்தியமா. என் கூடப்பிறந்தவளா நெனச்சுச் சொல்லுதேன்."

சத்தியம் வேறு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஷம்ஸியா படியேறினாள்.

ஹாலில் பெரிய திரை. திரையில் ஜில்லா முழுவதற்குமான விண்ணப்பப் பட்டியல், முடிந்தவை பச்சையில். சிவப்பில் ஒன்றே ஒன்று, ஷம்ஸியாவுடையது. இன்று சாயந்திரத்துக்குள் அதுவும் தீர்ந்தால் மாநிலத்திலேயே நிலுவை இல்லாத முதல் ஜில்லா இதுதானாம். உள்ளே நுழைந்தபோது அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தனி அதிகாரி சித்ரலேகா நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும், கண்டிப்பான முகம், ஆனால் ஷம்ஸியாவுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னவள் அவள்தான். சிவகணேஷ் ஓரமாக லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார். கூட்டக் குறிப்பு எழுதுவது அவர் வேலை.

"பயப்படாதீங்க, ஒரே கேள்விதான்" என்றாள் சித்ரலேகா. "ஆய்வு அன்னைக்கு மெஷினை ஓட்டச் சொன்னது யாரு?"

ஷம்ஸியா ஒரு தரம் சிவகணேஷ் பக்கம் பார்த்தாள். "யாரும் சொல்லல மேடம். நானாத்தான் ஓட்டுனேன். விதி தெரியாது."

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"ஆமா மேடம்."

சித்ரலேகா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அப்படின்னா எனக்கு வேற வழியில்லம்மா. வந்த அதிகாரிகள்ல யாராவது கேட்டு ஓட்டியிருந்தா அது சோதனை ஓட்டம். விதியிலயே அதுக்கு இடம் இருக்கு, இங்கேயே இசைவு கொடுத்திருப்பேன். எழுத்துல கேக்காததுக்கு அந்த அதிகாரிக்கு ஒரு மெமோ போகும், அவ்வளவுதான். நீங்களா ஓட்டினா விதிமீறல். தெரியாதுங்கிறதெல்லாம் கணக்குல வராது."

ஒரு மெமோ! ஒற்றைத் தாள்! அதற்காகவா இந்த மனுஷன் மாடிப்படிக்குக் கீழே நின்று நெல்லையப்பரைச் சாட்சிக்குக் கூப்பிட்டான்? இருபது வருஷம் தொழில் ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு இந்த விதி தெரியாமலா இருக்கும்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதும், மண்ணை அள்ளிக் கையில் கொடுத்தவன் யார் என்பதும் ஷம்ஸியாவுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நாற்காலி பின்னால் சரிய எழுந்து நின்றாள்.

"மேடம், நான் சொன்னது பொய்யி. இந்தா இருக்காவளே, இவியதான் ஓட்டச் சொன்னாவ. மானியத்துக்கு எழுதணும், ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்கன்னு இவியதான் சொன்னாவ. கேளுங்க மேடம், அவியளையே கேளுங்க!"

ஹால் முழுக்க சிவகணேஷைப் பார்த்தது. அவர் நிதானமாக எழுந்தார். குரலில் அப்படி ஒரு கனிவு.

"மேடம், பாவம், வீடு பேங்க்ல இருக்கு. பயத்துல என்ன பேசுதோம்னு அவங்களுக்கே தெரியல. ஓடுதத பாத்து ஃபைல்ல எழுதினேன், ஓட்டச் சொல்லல. நான் தப்பா எடுத்துக்கிடல. விண்ணப்பதாரர் மேல மேல்நடவடிக்கை எதுவும் வேண்டாம்னுதான் கேட்டுக்கிடுதேன்."

தங்கச்சி விண்ணப்பதாரராகிவிட்டாள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கை எப்படி இருக்கும் என்று கேட்டால், திருநீறு மணக்கும் என்று ஷம்ஸியா அன்றைக்குச் சொல்லியிருப்பாள்.

"அங்க கூட இருந்த யாராவது கேட்டீங்களா?" என்று சித்ரலேகா மற்றவர்களைப் பார்த்தாள். எட்டுப் பேரும் தோப்பில் பிரியாணிப் பந்தியில் இருந்தவர்கள். யார் கேட்டிருப்பார்கள்? ஹெப்ரான் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"நான் வாரப்போ மெஷின் ஓடிக்கிட்டிருந்துது மேடம். இந்தம்மா பக்கத்துல நின்னாவ. சார் அங்கன இல்ல. யாரு சொன்னாவன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சொல்லக் கூடாது."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஷம்ஸியா அவரை ஏச ஒரு வார்த்தை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"மொதல்ல சொன்னதுதான் பதிவாகும்மா" என்றாள் சித்ரலேகா. "ரெண்டாவது சொன்னதுக்குச் சாட்சி வேணும்." தாஜ் கண்டதும் ஷம்ஸியா காட்டிய சைகையை மட்டும்தான். சித்ரலேகாவுக்கும் மனசு கேட்கவில்லை போலிருந்தது, ஒரு தரம் சிவகணேஷை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணியில் சென்னைக்கு அறிக்கை போக வேண்டும்.

சிவகணேஷ் தட்டச்சு செய்யத் தொடங்கினார். அவர் அடிப்பது பெரிய திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. 'விண்ணப்பதாரர் தாமாகவே இயந்திரத்தை இயக்கியதாகக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.' ஓரிடத்தில் ஓர் எழுத்து பிசகியது. பின்னால் போய் அழித்து, திருத்தி, மறுபடி அடித்தார். பிழையில்லாமல் எழுதுவதில் கெட்டிக்காரர்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள் ஷம்ஸியா. போடாவிட்டால் மூன்று வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது, போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி போடலாம் என்று விளக்கினார்கள். அவள் போட்டாள். திரையில் கடைசிச் சிவப்பும் பச்சையாயிற்று, நிலுவை பூஜ்யம் என்று வந்தது. யாரோ ஒருவர் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். தட்டக் கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. முந்திரி பிஸ்கட்டும் டீயும் வந்தன, அவளுக்கும் ஒரு கப் வைத்தார்கள்.

முத்திரையிட வந்தது அடுத்த செவ்வாய். அதிலும் ஒருங்கிணைப்பு உண்டு. மாசு ஆபீஸ் ஆள் பூட்டுவான், வருவாய் ஆபீஸ் ஆள் முத்திரை வைப்பான், தொழில் ஆபீஸ் ஆள் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். சிவகணேஷ்தான் வந்தார். வராமல் யாரையாவது அனுப்பியிருக்கலாம். வந்தார். ஷட்டரை இறக்கும்போது தாஜ் மெஷினைப் பார்த்த பார்வையை ஷம்ஸியாவால் பார்க்க முடியவில்லை. ஓசூருக்கு ஆர்டர் போய்விட்டது என்று காலையில்தான் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது.

வேலை முடிந்து மற்றவர்கள் ஜீப்பில் ஏறியபிறகு, சிவகணேஷ் அவள் பக்கம் வந்தார். தாஜும் பக்கத்தில்தான் நின்றார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய தங்கச்சி. ஆறு மாசம் கழிச்சுப் போடுங்க. நானே முன்ன நின்னு முடிச்சுத் தாரேன்."

ஷம்ஸியா அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசுவதற்கு வார்த்தையா இல்லை? முக்கூடலில் அதற்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அவளுக்கு வேண்டியது வேறாக இருந்தது.

"அண்ணாச்சி, போனது போட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. ஓட்டச் சொன்னது நீங்கதான்னு இவுக முன்னால ஒரு தடவ சொல்லிட்டுப் போங்க. இங்கன வேற யாரும் இல்ல, எழுத்துலயும் வராது. இவுக ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்."

சிவகணேஷ் அவளைப் பார்த்தார், தாஜைப் பார்த்தார். அந்த முகத்தில் வெட்கத்தைத் தேடினாள். பயத்தையாவது தேடினாள். நிஜமாகவே ஒன்றும் புரியாதவன் முகமாக இருந்தது.

"என்ன தங்கச்சி இது? நான் எங்க ஓட்டச் சொன்னேன்? சொதிய சாப்பிட்டேன், நல்லாருந்துது, எந்திரிச்சுக் கை கழுவினேன். வந்து பாக்கேன், நீங்க பாய்க்குக் கைய காட்டுதிய, மெஷின் ஓடுது." குரலைத் தணித்துத் தாஜிடம் சொன்னார்: "பாய், வீட்டுல ரொம்ப மனசொடிஞ்சு போயிருக்காவ. கூட இருந்து பைய தேத்துங்க."

ஜீப் கிளம்பிப் போய்விட்டது. ஷட்டரில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் தாஜ் வரி வரியாகப் படித்தார். கூட்டக் குறிப்பின் நகலையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள், அடியில் ஷம்ஸியாவின் கையெழுத்து. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏளா, ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. அன்னைக்கு அவிய நிசமாவே ஓட்டச் சொன்னாவளா? இல்ல, வந்தவிய முன்னால நம்ம மெஷின ஓட்டிக் காட்டணும்னு நீயா…"

"அல்லா மேல ஆணையா அவியதாங்க சொன்னாவ."

"சரி, விடு" என்றார் தாஜ், அவள் தோளைத் தட்டிக்கொண்டே. பதினாலு வருஷம் பாலைவனத்தில் கிடந்து சம்பாதித்ததை ஒரு பெருமைக்காகத் தொலைத்துவிட்டாளே என்ற கசப்பை அவர் முகத்தில் காட்டாமலிருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.